சாலய ஓட்டப் பாதையில் சைக்கிள்: பன்னிரண்டு சிவாலயம், ஒரே பகல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் சாலய ஓட்டம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவாலய ஓட்டம் என்பது ஏட்டுப் பெயர். எங்கள் வாயில் அது சாலய ஓட்டம்தான். மாசியில் சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகல், முன்சிறை திருமலைக் கோவிலில் காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக ஒரு கூட்டம் கிளம்பும். "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டே ராத்திரி முழுக்க ஓடி, மறுநாள் நட்டாலத்தில் பன்னிரண்டாவது கோவிலைத் தொடுவார்கள். சிவன் கோவிலுக்கு ஓடுகிறவர்கள் பெருமாள் பேரை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதை நட்டாலத்துக்கு வந்தபிறகு சொல்கிறேன்.

அதே பாதையைச் சைக்கிளில் ஒரே பகலில் முடிப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். நான் களியக்காவிளைக்காரன். கேரள எல்லை கூப்பிடு தூரம். ஆகவே சுற்று களியக்காவிளையில் தொடங்கி அங்கேயே முடிகிறது. கோவிலுக்குக் கோவில் கணக்கிட்டால் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். வீட்டிலிருந்து வீடு வரை, சிதறால் மலைக்கும் உதயகிரிக் கோட்டைக்கும் விலகிப்போவதையும் சேர்த்தால் 110-ஐத் தாண்டும். எந்த ஊடுவழியில் புகுந்தீர்கள் என்பதைப் பொறுத்து ஐந்தாறு கூடும், குறையும்.

110 கிலோமீட்டரா, அது பெரிய விஷயமா என்று சமவெளியில் ஓட்டுகிறவர்கள் கேட்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் தடவை போனேன். ஏழாவது கோவிலில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே பெரிய மலையேற்றம் ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் வம்பே. ஏலா என்று நாங்கள் சொல்லும் வயல் பள்ளத்தில் இறங்கு, அடுத்த விளைக்கு, அதாவது மேட்டுத் தோட்டத்துக்கு, ஏறு, மறுபடி இறங்கு. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் நீள ஏற்றங்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். கூடவே பன்னிரண்டு தடவை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றி, திரும்ப ஏற வேண்டும். கால் ஒரு தாளத்துக்கு வரும்போதே நிறுத்தம் வந்துவிடும். ஆகவே கிலோமீட்டரை எண்ணாதீர்கள், கோவிலை எண்ணுங்கள். தூரம் காட்டும் மீட்டரை நான் பைக்குள் போட்டுவிடுவேன்.

எப்போது போவது

மார்கழி பிற்பாதியிலிருந்து மாசி வரைதான் சரியான காலம். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்கள் மாதிரி இல்லை இங்கே. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டும் முழுசாகப் பெய்யும். மழை நாளில் ரப்பர் தோட்டத்துச் சாலையில் உதிர்ந்து கிடக்கும் இலை சோப்பு மாதிரி வழுக்கும். பங்குனி, சித்திரை வெயில் பரவாயில்லை என்றாலும் புழுக்கம் ஆளைத் தின்றுவிடும்.

திங்கட்கிழமை வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. சிவராத்திரியும் அதற்கு முந்தின நாளும் வேண்டவே வேண்டாம். பாதை முழுக்க ஓடுகிறவர்கள், பின்னாலேயே பைக்கிலும் வேனிலும் வருகிறவர்கள். விரதம் இருந்து ஓடுகிற மனிதருக்கு நடுவில் போய் மணி அடித்து வழி கேட்பது முறையுமில்லை.

கோவில்கள் பெரும்பாலும் விடியற்காலையில் திறந்து, பதினொரு மணிக்குள் நடையடைத்து, மாலை ஐந்தை ஒட்டித்தான் திரும்பத் திறக்கும். சின்னக் கோவில்களில் இன்னும் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். பன்னிரண்டிலும் உள்ளே போய்க் கும்பிடுவது ஒரு பகலில் நடக்காது. காலையில் நான்கு, மாலையில் நான்கைந்து கிடைக்கும். நடுவில் வருகிறவற்றில் வாசலில் நின்று கைகூப்பிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொன்மனையில் பூட்டிய கதவைப் பார்த்து எரிச்சல் வரும்.

வண்டியும் மூட்டையும்

கியர் இல்லாத வண்டியில் முடித்தவர்கள் உண்டு, நான் சிபாரிசு செய்யமாட்டேன். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில், அதாவது கேசட்டில், பெரியதற்கு 32 பல்லாவது இருக்கட்டும். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஊடுவழிகளில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும். இரண்டு டியூப், பம்பு, ஒட்டுப்பசை, பூட்டு. முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்: கிளம்புவதும் இருட்டில், திரும்புவதும் இருட்டில்.

பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். கருங்கல் படியில் அது சறுக்கும். மாட்டவும் கழற்றவும் சுலபமான சாதாரண ஷூ போதும். ஒரு வேட்டியும் துவர்த்தும், அதாவது துண்டும், மூட்டையில் இருக்கட்டும். மலையாளச் சம்பிரதாயக் கோவில்கள் இவை. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஒட்டிப் பிடிக்கும் சைக்கிள் டிரவுசரோடு நின்றால் பூசாரி ஒன்றும் சொல்லமாட்டார், பார்வையிலேயே சொல்லிவிடுவார். டிரவுசருக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் இரண்டு குப்பி. தீர்ந்தால் கவலையில்லை, இது ஆள் இல்லாத காடல்ல. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பெட்டிக்கடை, எல்லாக் கடையிலும் போஞ்சி கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். சர்க்கரையோடு உப்பும் போடச் சொல்லுங்கள். கடைவாசலில் மட்டிப்பழக் குலை தொங்கினால் நாலைந்து வாங்கி முதுகுப் பையில் போடுங்கள். விரல் நீளம்தான், வாசனை தெருமுனை வரை வரும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். எந்த எனர்ஜி பாரும் அதன் பக்கத்தில் நிற்காது.

முன்சிறை, திக்குறிச்சி

காலை நாலே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்குங்கள். முன்சிறை வரை ஏறக்குறைய தட்டையான வழி, காலைப் பழக்கிக்கொள்ளத் தோது. திருமலை என்று பேர் இருந்தாலும் ஒரு சின்னப் பாறைக் குன்றுதான், படியேறினால் சூலபாணி மகாதேவர். முதல் தடவை நான் படியிறங்கி வரும்போது, பூ விற்கிற பாட்டி வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளே, சாலய ஓட்டமா?"

"ஆமா பாட்டி, சைக்கிள்ல."

"ஓட முடியாதவன் வீட்ல இரிக்கணும். இது என்ன, இரிந்துக்கிட்டே ஓடுயது!"

இன்றுவரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அங்கிருந்து பக்கத்திலேயே பார்த்திபபுரம். ஓட்டக்காரர்கள் இங்கே நிற்கமாட்டார்கள், பன்னிரண்டில் இது சேர்த்தி இல்லை, பெருமாள் கோவில். நீங்கள் நில்லுங்கள். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் குல மன்னன் கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இந்த இடத்தை வாங்கிக் கோவிலையும், கூடவே 95 பேர் தங்கிப் படிக்கிற சாலை என்ற கல்விக்கூடம் ஒன்றையும் நிறுவினான். செப்பேட்டில் அந்த மாணவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான விதிகள்கூட இருக்கின்றன. அரசன் என்றாலும் ஊர்ச்சபையின் நிலத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை, மாற்று நிலம் கொடுத்திருக்கிறான் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

புதுக்கடை, குழித்துறை வழியாகத் திக்குறிச்சி. தாமிரபரணி என்றதும் திருநெல்வேலி ஆற்றை நினைக்காதீர்கள், இது எங்கள் குழித்துறைத் தாமிரபரணி, வேறு ஆறு. அதன் கரையிலேயே கோவில். சிவன் கோவிலில் நந்தி இருக்கும் இடத்தைக் கண் தானாகத் தேடும். இங்கே நந்தி கிடையாது. ஊருக்குள் அட்டகாசம் செய்த காளையை ஆற்றுக் கயத்தில் அடக்கி வைத்துவிட்டார்கள் என்று கதை. ஆறரைக்கு இங்கே இருந்தால் சரியான வேகத்தில் வருகிறீர்கள்.

சிதறால்: முதல் பரீட்சை

திக்குறிச்சியிலிருந்து வடக்கே திரும்பியதும் நிலம் மடியத் தொடங்கும். தென்னை குறைந்து ரப்பர் வரும். சிதறாலும் ஓட்டப் பாதையின் பன்னிரண்டில் வராது, ஆனால் இதை விட்டுவிட்டு இந்தச் சுற்றை ஓட்டுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கட்சி.

அடிவாரத்தில் வண்டியைப் பூட்டுங்கள். மேலே தொல்லியல் துறை போட்ட கல்பாதை, இருபது நிமிட ஏறு நடை. சைக்கிள் மிதித்த தொடைக்குப் படியேறுவது வேறு மாதிரி வலிக்கும், நிதானமாக ஏறுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடுக்கு. அதற்குள் புகுந்து வெளியே வந்ததும் இடது பக்கம் பாறை முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர்கள். வரிசையாகச் சின்னச் சின்ன உருவங்கள், தலைக்குமேல் முக்குடை. நாகம் குடை பிடிக்க நிற்கிறவர் பார்சுவநாதர். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் புடைப்பு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அதனால்தான் காலையிலேயே இங்கே வரச் சொல்கிறேன்.

திருச்சாரணத்து மலை என்பது இதன் பழைய பேர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, பேராயக்குடி அரட்டநேமி படாரரின் மாணவி குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள பெண் தெய்வமான படாரியாருக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் குருவின் பெண்பால், சமணப் பெண் துறவி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் துறவி கொடுத்த கொடைக்கு இந்த மலையில் எழுத்து இருக்கிறது. பிற்பாடு, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில், இது பகவதி கோவிலானது. ஊர்க்காரர்களுக்கு இது வெறும் மலைக்கோவில்தான். மேலே பாறைமேல் உட்கார்ந்தால் தென்னந்தோப்புக்கு நடுவில் ஆறு வளைந்து போவது தெரியும். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள், கால் ஆறிவிடும்.

இறங்கியதும் அருமனையில் காலைச் சாப்பாடு. புட்டு, பயறு, பப்படம். கூட ஒரு பழத்தைப் பிசைந்துகொண்டால் பொன்மனை வரை தாங்கும். தோசையும் சாம்பாரும் இந்த மேட்டுக்கு நிற்காது.

திற்பரப்பும் திருநந்திக்கரையும்

அருமனையிலிருந்து களியல் வழியாகத் திற்பரப்பு. இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் சுற்றிலேயே அழகான பகுதி. இரண்டு பக்கமும் ரப்பர், அடியில் நிழல், மரத்துக்கு மரம் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். வீட்டு முற்றத்துக் கொடியில் வெள்ளை ரப்பர் ஷீட்டைத் துணி மாதிரி காயப்போட்டிருப்பார்கள். அந்தப் புளித்த வாசனை முதலில் குமட்டும், அப்புறம் பழகிவிடும். ஏற்றங்கள் இங்கே குட்டையானவை, ஆனால் செங்குத்து. ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதியில் மாற்றப்போனால் சங்கிலி கழன்று, வண்டியோடு ஓரத்தில் சாய்வீர்கள். நான் சாய்ந்திருக்கிறேன், ரப்பர் வெட்டப் போன ஒரு அண்ணன் வந்துதான் தூக்கிவிட்டார்.

திற்பரப்பில் கோதையாறு ஏறக்குறைய ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது, அருவிக்குப் பக்கத்திலேயே மூன்றாவது சிவாலயம். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆசை யாரை விட்டது, முதல் தடவை நான் அருவியில் முக்கால் மணி நேரம் நின்றேன். சுகமாகத்தான் இருந்தது. வெளியே வந்து குலசேகரம் மேட்டில் மிதித்தபோது இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டது. சூடான தசையைக் குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு நேரம் வைத்துவிட்டு உடனே ஏற்றம் மிதித்ததன் கூலி. முகம், கை, கழுத்து நனைத்துக்கொள்ளுங்கள், குளியல் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

அடுத்தது திருநந்திக்கரை. கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் அதிகம், பாறைமேல் இருக்கிற குடைவரையைத் தவற விடுகிறார்கள். தனிப் பாறையைக் குடைந்து முன்மண்டபமும் உள்ளே லிங்கமுமாக எடுத்தது. சமணர் இருந்த இடம், வீரநந்தி என்ற முனிவரால் வந்த பேர் என்று சொல்வார்கள். உள்ளே ஒரு காலத்தில் சுவரும் கூரையும் ஓவியமாக இருந்திருக்கின்றன. இப்போது கோடுகளும் கறை மாதிரி நிறங்களும்தான் மிச்சம். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் கொடுத்தால் ஓரிரு உருவம் பிடிபடும். போன் விளக்கை அடிக்காதீர்கள்.

இங்கேதான் ராஜராஜ சோழனின் 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1003. அரசன் பிறந்த ஐப்பசிச் சதயத்தைக் கொண்டாட முட்டம் என்ற ஊரை, மும்முடிச் சோழநல்லூர் என்று பேர் மாற்றிக் கொடுத்ததைச் சொல்கிறது. தஞ்சாவூர்க்காரர் பிறந்தநாள் குலசேகரத்துப் பக்கம் கொண்டாடப்பட்டது. பிடித்த நாட்டில் தன் பேரை நிறுத்துவதற்கு அப்போது போஸ்டர் இல்லை, கல்லில் வெட்டினார்கள்.

பொன்மனை முதல் பன்னிப்பாகம் வரை

குலசேகரம் சந்தையைக் கடந்து பொன்மனை. தீம்பிலான்குடி மகாதேவர், ஐந்தாவது. பதினொன்றரை ஆகியிருக்கும், நடை சாத்தியிருக்கும். வாசலில் நின்றுவிட்டு நிழலில் உட்கார்ந்து மிச்சமிருக்கிற மட்டிப்பழத்தை முடித்துவிடுங்கள்.

இனி வருவதுதான் இந்தச் சுற்றின் முதுகெலும்பை முறிக்கிற இடம். வலியாற்றுமுகம், சித்திரங்கோடு, குமாரபுரம் வழியாகப் பன்னிப்பாகம். பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் உச்சி வெயில், நிழல் குறைவு, பாரம் ஏற்றிய டிப்பர்கள். என் யோசனைகள் இவை. டிப்பர் பின்னால் வருவது கேட்டால் வீரம் காட்டாமல் மண்ணில் இறக்கி நிறுத்திவிடுங்கள். தூசி அடங்கியபிறகு ஏறுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், உட்கார்ந்தே மெதுவாகச் சுழற்றுங்கள். மூச்சு வாய்க்கு வந்துவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதில் ஒரு மானக்குறைவும் இல்லை, அசல் ஓட்டக்காரர்களே இந்த இடத்தில் நடப்பார்கள். உப்பு போட்ட போஞ்சி தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே குடிக்க வேண்டும். கைரோமம் சிலிர்த்து, வெயிலில் குளிர்வது மாதிரி இருந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம். தக்கலைக்கு ஆட்டோ பிடியுங்கள். சித்திரங்கோட்டில் ஒரு கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மக்களே, முதல்ல வெள்ளம் குடி, அப்புறம் காசு எடு" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது.

பன்னிப்பாகத்தில் சிவன் கிராதமூர்த்தி, வேடன். அர்ச்சுனனும் அவரும் ஒரு பன்றிக்காகச் சண்டை போட்ட கதையோடு ஊர்ப்பேரைச் சேர்த்துச் சொல்வார்கள். இன்னும் நான்கு கோவில் தாண்டித் திருப்பன்றிக்கோடு வரும். இரண்டு ஊருக்கு நடுவில் அந்தப் பன்றியையே துரத்துகிற மாதிரி இருக்கும்.

கல்குளமும் அரண்மனையும்

அடுத்த ஆறேழு கிலோமீட்டர் ஓரளவு இறக்கம். பத்மநாபபுரம் கோட்டைச் சுவரைக் கண்டதும் பாதி உயிர் வந்துவிடும். ஏழாவது சிவாலயமான கல்குளம் நீலகண்டசுவாமி கோவில் இந்தக் கோட்டைக்குள்தான். இதுவரை ஓடு வேய்ந்த கூரைகளையே பார்த்து வந்தவர்களுக்குத் திடீரென்று பாண்டிநாட்டுப் பாணியில் கோபுரமும் தெப்பக்குளமும் தெரியும்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு அரண்மனை வாசலில் நில்லுங்கள். மதிய இடைவேளை முடிந்து அப்போதுதான் திறக்கும், நாலரையோடு சீட்டு நின்றுவிடும். 1601-ஐ ஒட்டித் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்தில் இப்போதைய உருவத்துக்கு வந்தது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இதுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்துவிட்டது. தமிழ் மண்ணில் நின்றுகொண்டு மலையாளத்தில் வழி கேட்கலாம், எல்லைக்காரர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

வெறும் காலோடு போக வேண்டும். இந்த இடத்துக்கு வந்த சைக்கிள்காரனுக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை. கருங்கண்ணாடி மாதிரி மின்னுகிற அந்தத் தரை சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள். பாதம் கொதித்துக்கொண்டிருக்கும்போது அதில் வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கும். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் அபிரகக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். படையில் சேர வருகிறவன் 38 கிலோ உருண்டைக் கல்லை 101 தடவை தலைக்குமேல் தூக்க வேண்டும் என்று ஒரு கல்லைக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் என்னால் தண்ணீர்க் குப்பியைத்தான் தூக்க முடிந்தது.

ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இங்கே செலவழித்தால் கடைசி இரண்டு கோவில் இருட்டில்தான்.

உதயகிரி

மேலாங்கோட்டில் காலகாலர். பக்கத்திலேயே மேலாங்கோட்டு யட்சி. இங்குள்ள பழைய ஆட்களுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே குரல் தணியும். அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு வந்தால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை, இப்போது வனத்துறைப் பூங்கா.

1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்டவர் டிலனாய். எதிரியின் படைத்தலைவனைச் சிறையில் போடாமல் தன் படையைப் பழக்க வைத்துக்கொண்டார் ராஜா. இந்தக் கோட்டையை எடுத்துக் கட்டியதும், உள்ளே பீரங்கி வார்த்ததும் டிலனாய் பொறுப்பில்தான். 1777-இல் இங்கேயே இறந்தார். கூரையில்லாத சிறு தேவாலயத்துக்குள் அவர் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. மரநிழலில் அந்தத் தமிழ் எழுத்தை விரலால் தடவிப் படித்துவிட்டு வாருங்கள்.

பின்பு வில்லுக்குறி வழியாகத் திருவிடைக்கோடு. நடை திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்வீர்கள். விடை என்றால் காளை; கல் நந்திக்கு உயிர் வந்த கதை இந்த ஊருக்கு. திக்குறிச்சியில் காணாமல்போன காளை இங்கே வந்து சேர்ந்ததோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

மேற்கே, காற்றுக்கு எதிரே

திரும்பித் தக்கலை, கேரளபுரம் வழியாகத் திருவிதாங்கோடு. திருவிதாங்கூர் என்ற நாட்டுக்கே பேர் கொடுத்த ஊர், பத்மநாபபுரத்துக்கு முன்னால் தலைநகர். இன்றைக்குப் பார்த்தால் நம்புவது சிரமம். இயேசுவின் சீடர் தோமா வந்து கி.பி. 63-இல் கட்டியது என்று மரபு சொல்லும் அரப்பள்ளியும் இங்கேதான். கருங்கல் தேவாலயம், வாசலில் இரண்டு நிமிடம் நிற்கலாம்.

இங்கிருந்து பள்ளியாடி வழியாகத் திருப்பன்றிக்கோடு வரை மாலைக் கடற்காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். சமவழிதானே என்று பெரிய கியரில் போட்டுவிடாதீர்கள். தலையைக் குனிந்து, ஒரு கியர் குறைத்து, பேசாமல் மிதியுங்கள். இரண்டு பேர் போனால் மாறி மாறி முன்னால் போங்கள். இருட்டுவதற்குள் விளக்கைப் போட்டுவிடுங்கள். தெரு நாய்களுக்குச் சைக்கிள்காரன் மேல் என்ன கோபமோ, இந்த நேரத்தில்தான் வரும். வேகம் கூட்டாமல் இறங்கி, வண்டியை நடுவில் வைத்து நடந்தால் ஆர்வம் போய்விடும்.

மூன்று நான்கு கிலோமீட்டரில் நட்டாலம்.

சொல்வதாகச் சொன்ன கதை இதுதான். தருமனின் யாகத்துக்கு, பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகத்தின் பால் வேண்டும் என்று பீமனை அனுப்பினான் கிருஷ்ணன். அந்த மிருகம் சிவபக்தன், திருமால் பேரைக் கேட்டால் ஆகாது. ஆகவே கையில் பன்னிரண்டு ருத்திராட்சத்தையும் கொடுத்துவிட்டான். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிடுவான், மிருகம் துரத்தும், பிடிக்கும் நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுவான், அது லிங்கமாகும், மிருகம் நின்று பூசை செய்யும், பீமன் ஓடுவான். பன்னிரண்டாவது இந்த நட்டாலத்தில். பீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள், ஒரு கால் வெளியே. வழக்கு தருமனிடம் போயிற்று. தம்பி என்றும் பார்க்காமல், உள்ளே இருக்கிற பாதி உடம்பு மிருகத்துக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னான் தருமன். அப்போது சிவனும் திருமாலும் ஒரே உருவாகத் தெரிந்த இடம் இது. சங்கரநாராயணர் சன்னிதி அதற்குத்தான். பதினோரு கோவிலில் விபூதி வாங்கிய ஓட்டக்காரனுக்கு இங்கே மட்டும் சந்தனம்.

இதே நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மத்தியானம் நீங்கள் பார்த்த கல்குளம் கோவிலில் அதிகாரியாக இருந்தவர். உதயகிரியில் படுத்திருக்கிற டிலனாயின் பேச்சைக் கேட்டுக் கிறிஸ்தவரானார். 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த தேவசகாயம் அவர்தான். ஒரே நாளில் மூன்று இடத்தையும் மிதித்துக் கடந்தபிறகு கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளும் மாத்தூர் தொட்டிப்பாலமும் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டும் பாதையை விட்டு விலகி இருக்கின்றன. 2022-இல் 418 வருஷத்துக்குப் பிறகு குடமுழுக்கு கண்ட கோவிலையும், 1966-இல் கட்டிய நூறடிக்கு மேல் உயரமான பாலத்தையும் அவசரத்தில் எட்டிப்பார்ப்பது அநியாயம். தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள்.

நட்டாலத்திலிருந்து களியக்காவிளை பதின்மூன்று கிலோமீட்டர் போல. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏற வேண்டாம், கீழேயே ஓரமாகப் போங்கள். சந்திப்பில் பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கும், அங்கே இறங்கித் தள்ளுவதே மேல். குழித்துறைப் பாலம் தாண்டினால் நெரிசல் கொஞ்சம் விடும். எட்டேகாலுக்குள் ஊர் வந்துவிட்டால், சந்திப்புக்கு முன்னால் இருக்கிற டீக்கடையில் ரசவடை கேளுங்கள். எட்டரைக்குப் போனால் வெறும் ரசம்தான் இருக்கும், அதையும் குடித்திருக்கிறேன்.